கேம்டனில் ஒரு ஹெவி மெட்டல் இரவு: முதல்முறை வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லண்டனுக்குப் படிக்க வந்த மாணவர்கள், ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் இருக்கும் நண்பர்கள், மெட்டல் கேட்கும் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் எனப் பலர் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஸ்டேடியத்தில் நடப்பதைப் பற்றி நான் பேசவில்லை. 150 பேர் முதல் 500 பேர் வரை நிற்கக்கூடிய சிறிய அரங்குகளில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே இந்தப் பதில்கள்.

எந்த அரங்கைச் சொல்கிறீர்கள்? எங்கே இருக்கிறது?

முதலில் சொல்ல வேண்டியது தி அண்டர்வேர்ல்டு. கேம்டன் டவுன் பாதாள ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் எதிரே 'தி வேர்ல்ட்ஸ் எண்ட்' என்ற பெரிய பப் தெரியும். அதன் அடித்தளம்தான் இந்த அரங்கு. சுமார் 500 பேர் நிற்கலாம். மேடைக்கு முன்னால் தாழ்வான தரை, அதைச் சுற்றிச் சற்று உயர்ந்த தளம், நடுநடுவே தூண்கள். இந்தத் தூண்களைத் திட்டாத மெட்டல் ரசிகர் லண்டனில் இல்லை. நிற்கும் இடத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் இரவு முழுக்கப் பாதி டிரம்மரைத்தான் பார்க்க முடியும்.

அங்கிருந்து சில நிமிட நடையில் தி பிளாக் ஹார்ட் இருக்கிறது. கீழே பார், மாடியில் மேடை. அண்டர்வேர்ல்டில் மூன்றில் ஒரு பங்குக் கூட்டத்துக்கே அது நிரம்பிவிடும். வடக்கே டஃப்னெல் பார்க்கில் தி டோம், தேம்ஸுக்குத் தெற்கே பங்க், ஹார்ட்கோர் குழுக்களுக்கு நியூ கிராஸ் இன். இவற்றில் எதற்கும் முதல்முறை வருபவர் தயங்காமல் போகலாம்.

பெரிய அரங்கில் வசதியாக உட்கார்ந்து பார்க்கலாமே. ஏன் இங்கே?

இந்த இசை பிறந்ததே பப்பின் பின்னறையிலும் மாடியறையிலும்தான். மெட்டலின் முன்னோடிக் குழுவான பிளாக் சப்பாத் தொடக்க நாட்களில் வாசித்த இடங்களில் ஒன்று, பர்மிங்ஹாம் ஸ்டேஷன் தெருவில் 'தி கிரௌன்' பப்பின் மாடியில் நடந்த ஒரு புளூஸ் மன்றம். அதிவேக மெட்டல் வாசிக்கும் நேபாம் டெத் குழு 1980களின் நடுவில் வளர்ந்தது அதே ஊரில், ஸ்பார்க்ஹில் பகுதியில் இருந்த 'தி மெர்மெய்ட்' பப்பில்.

அந்தக் கனமான ஓசையும் ஓர் எளிய தொழிலாளியின் கையிலிருந்து வந்தது. 1965இல், 17 வயதில், பர்மிங்ஹாம் தகரத் தொழிற்சாலை ஒன்றில், பின்னாளில் பிளாக் சப்பாத்தின் கிட்டாரிஸ்டான டோனி அயோமியின் வலது கை நடுவிரல், மோதிர விரல் நுனிகள் இயந்திரத்தில் துண்டாகிப் போயின. அவர் இடது கைக்காரர். கம்பியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் குப்பியை உருக்கி, விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். மெல்லிய கம்பிகளைப் பூட்டினார். பின்னாளில் கம்பிகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். 1971இல் வந்த பிளாக் சப்பாத்தின் மூன்றாம் ஆல்பத்தின் சில பாடல்களில் மூன்று அரைச்சுரம் இறங்கியிருக்கும். இன்று உலகம் முழுக்க மெட்டல் குழுக்கள் சுருதியை இறக்கி வாசிக்கும் பழக்கம் அங்கே வேர் பிடித்தது.

சிறிய அரங்கில் அந்தச் சுருதி என்ன செய்கிறது என்பதை உடம்பு நேரடியாக உணரும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. அந்த ஒலி அலை ஒன்றின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். பல சிறிய அறைகளின் அகலமே அவ்வளவுதான். ஒலி அறையை நிரப்பி, தரை வழியாகக் காலில் ஏறி, விலா எலும்பில் வந்து நிற்கும். கோயில் வீதி உலாவில் தவிலுக்குப் பக்கத்தில் நடந்தவர்களுக்கு நெஞ்சில் விழும் அந்த அடி தெரியும். 20,000 பேர் அரங்கின் மேல் வரிசையில் இது கிடைக்காது.

டிக்கெட்டில் 6:30 என்று போட்டிருக்கிறது. 8:30க்குப் போனால் போதுமா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள்: கதவு திறக்கும்போதே உள்ளே இருங்கள்.

6:30 என்பது கதவு திறக்கும் நேரம். அரை மணியில் முதல் குழு மேடையேறிவிடும். வழக்கமாக மூன்று குழுக்கள். முதல் குழுவுக்கு அரை மணி நேரம், இரண்டாவதற்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல், கடைசியாக வரும் முக்கியக் குழுவுக்கு ஒரு மணியோ ஒன்றேகாலோ. வார இறுதியில் அதே அரங்கில் இரவு நடன நிகழ்ச்சி இருந்தால், மெட்டல் நிகழ்ச்சியைப் பத்து மணிக்கெல்லாம் முடித்துவிடுவார்கள். 8:30க்குப் போகிறவர் பாதியைத் தவறவிட்டிருப்பார்.

நேரக் கணக்குக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. முதலில் வாசிக்கும் குழு பெரும்பாலும் பகலில் வேலை பார்த்துவிட்டு, சொந்தச் செலவில் வேன் பிடித்து வந்திருக்கும். அவர்கள் எதிரில் முப்பது பேர் நிற்பதற்கும் மூன்று பேர் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் அவர்கள் வாசிப்பிலேயே தெரியும். இன்று ஸ்டேடியத்தை நிரப்பும் ஒவ்வொரு மெட்டல் குழுவும் ஒரு காலத்தில் அந்தக் காலி அறைக்கு வாசித்ததுதான்.

இன்னொரு பலன், ஒரு குழு இறங்கி அடுத்தது ஏறும் அந்த இருபது நிமிடங்களைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். டிரம்ஸின் பெரிய உருளைகள் எல்லாக் குழுக்களுக்கும் பொது. ஸ்னேர், சிம்பல்கள், கால் பெடல் ஆகியவற்றை ஒவ்வொரு டிரம்மரும் சொந்தமாகக் கொண்டுவருவார். வேர்வை காயாத ஒருவர் தன் சிம்பல்களைக் கழற்றிக் கொடுக்க, அடுத்தவர் தன்னுடையதைப் பூட்டி, இருக்கையின் உயரத்தைத் தன் முழங்காலுக்கு ஏற்பத் திருகுவார். யாரோ ஒருவர் பாடல் வரிசை எழுதிய தாளைக் கறுப்பு டேப்பால் மேடைத் தரையில் ஒட்டுவார். வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் அந்தக் குழுவினரேதான். கண் எட்டும் தூரத்தில் நின்றால் அந்தத் தாளைப் படித்து, அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்.

எங்கே நின்றால் நன்றாகக் கேட்கும்?

ஒலிக் கலவை மேசைக்கு முன்னாலோ பக்கத்திலோ நில்லுங்கள். ஒலிப் பொறியாளர் தன் காதுக்குச் சரியாக இருக்கும்படிதான் எல்லாவற்றையும் கூட்டிக் குறைப்பார். அவர் கேட்பதை நீங்களும் கேட்பீர்கள்.

முதல் வரிசை ஆசை எல்லோருக்கும் உண்டு. சிறிய அரங்கில் அதற்கு ஒரு விலை இருக்கிறது. கிட்டார் ஆம்ப்ளிஃபையரின் ஒலி மேடையிலிருந்து நேராகவே கூட்டத்தை நோக்கி வரும். இடப்பக்கக் கிட்டாரிஸ்டுக்கு எதிரே நின்றால் இடப்பக்கக் கிட்டார் மட்டுமே கேட்கும். டிரம்ஸுக்கு ஒலிபெருக்கி தேவையே இல்லை, அந்த அறைக்கு அதன் சொந்தச் சத்தமே போதும். பாடகரின் குரல் மட்டும் உங்கள் தலைக்குப் பக்கவாட்டிலும் மேலும் இருக்கும் ஒலிபெருக்கிகளிலிருந்து வருவதால், முதல் வரிசையில் அது அமுங்கிப் போகும். "பாடகர் குரலே கேட்கவில்லை" என்று வெளியே வந்து குறை சொல்பவர்கள் பெரும்பாலும் முதல் வரிசையில் நின்றவர்கள்தான். சுவர் மூலைகளையும் தவிருங்கள். தாழ்ந்த ஒலிகள் அங்கே குவிந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். முதல் குழுவுக்கு முன்வரிசை, இரண்டாவதுக்கு நடுவில், முக்கியக் குழுவின் முதல் சில பாடல்களுக்கு ஒலி மேசைப் பக்கம். பிறகு மனம் இழுக்கும் இடத்துக்கு.

காது கெட்டுவிடும் என்கிறார்களே?

கெடும், பாதுகாப்பு இல்லாமல் போனால். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சிறிய மெட்டல் அரங்கில் ஒலி 100 டெசிபலைத் தொடுவது சாதாரணம். அமெரிக்கத் தொழில் நலன் நிறுவனமான நியோஷ் 85 டெசிபலில் எட்டு மணி நேரம்வரை இருக்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் அது பதினைந்து நிமிடம்தான். நிகழ்ச்சியோ மூன்று மணி நேரம். பிரிட்டனில் 2005ஆம் ஆண்டின் வேலையிட இரைச்சல் விதிகள் 2008 ஏப்ரல் முதல் இசைத் துறைக்கும் பொருந்துகின்றன. ஆனால் அவை காப்பது பாரில் வேலை செய்பவரையும் ஒலிப் பொறியாளரையும். டிக்கெட் வாங்கி வரும் நம் காதைக் காப்பது நம் பொறுப்பு.

மஞ்சள் நுரை அடைப்பான் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். பலர் அதைத் தவறாகப் போட்டுக்கொண்டு "பயனில்லை" என்கிறார்கள். சரியான முறை இது: விரல்களுக்கிடையே உருட்டி, மெல்லிய குச்சிபோல் ஆக்குங்கள். எதிர்க் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காதின் மேல் நுனியைப் பிடித்து இழுங்கள். காதுத் துவாரம் நேராகும். அடைப்பானை உள்ளே செலுத்தி, அது விரிந்து அடைக்கும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். வெளியே பாதி துருத்திக்கொண்டு நின்றால் மறுபடி செய்யுங்கள்.

நுரை அடைப்பான் கீச்சுச் சத்தங்களை அதிகமாக வெட்டிவிடும், இசை போர்வைக்குள் கேட்பதுபோல் ஆகும். அடிக்கடி போகிறவர்கள் இசைக்கென்றே வடிகட்டி வைத்த அடைப்பான் வாங்குவது நல்லது. ஏறத்தாழ ஒரு டிக்கெட் விலைதான், ஆண்டுக்கணக்கில் வரும். அதைப் போட்டால் குரல் இன்னும் தெளிவாகக் கேட்கும் என்பது என் அனுபவம். மறுநாள் காலையிலும் காதில் ரீங்காரம் இருந்தால், அது அளவுக்கு மீறிவிட்டது என்பதற்கான எச்சரிக்கை. பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை.

மேடைக்கு முன்னால் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளுகிறார்களே, அது சண்டையா?

சண்டை இல்லை. அதை மாஷ் பிட் என்பார்கள். எழுதாத சட்டங்கள் கண்டிப்பாக இருக்கின்றன. யாராவது விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் உடனே தூக்கி நிறுத்த வேண்டும். கண்ணாடியோ போனோ விழுந்தால் எடுத்துக் கையை உயர்த்திக் காட்ட வேண்டும். ஓரத்தில் நிற்பவரை இழுக்கக் கூடாது. முழங்கை, முஷ்டி கூடாது. ஷூ நாடா அவிழ்ந்து குனிந்த ஒருவரைச் சுற்றி, முன்பின் தெரியாத நாலு பேர் கைகோத்து நின்று இடம் ஒதுக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் மாஷ் பிட் காணொளிகளை ஆராய்ந்து, அந்தக் கூட்டத்தின் அசைவு வாயு மூலக்கூறுகளின் அசைவோடு ஒத்துப்போகிறது என்று இயற்பியல் இதழில் எழுதினார்கள். வட்டமாக ஓடும் சர்க்கிள் பிட் பெரும்பாலும் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழல்கிறது என்றும் கண்டார்கள். முதல்முறை உள்ளே போகிறவருக்கு இது பயன்படும் தகவல்: ஓட்டத்தோடு சேர்ந்து ஓடுங்கள், குறுக்கே போகாதீர்கள்.

பிடிக்காவிட்டால் போகவே வேண்டாம். அண்டர்வேர்ல்டில் பிட் தாழ்ந்த தரையில்தான் நடக்கும். உயர்ந்த தளத்தில் நிற்பவர்மேல் யாரும் வந்து விழுவதில்லை.

கையில் கொம்பு காட்டுகிறார்கள். சாத்தான் வழிபாடு என்று அம்மா பயப்படுகிறார்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: அந்த முத்திரை கண் திருஷ்டி கழிப்பது. ரோனி ஜேம்ஸ் டியோ 1979இல் பிளாக் சப்பாத்தில் பாட வந்தபோது அதை மேடையில் காட்டத் தொடங்கி ஊரெங்கும் பரப்பினார். தன் இத்தாலியப் பாட்டி கண்ணேறு படாமலிருக்க அந்த முத்திரையைக் காட்டுவார் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். வாசலில் பூசணிக்காய் உடைக்கும் நமக்கு இது புதிதல்ல.

ஆல்பம் அட்டைகளில் பேய், பிசாசு, மண்டையோடு எல்லாம் உண்டுதான். உண்மையாகவே மதத்தை எதிர்க்கும் குழுக்களும் உண்டு. ஆனால் கூட்டத்தில் நிற்பவர்கள் வழிபட வரவில்லை, இசை கேட்க வந்தவர்கள்.

அந்த உறுமலில் வார்த்தை ஒன்றும் புரியவில்லை. தொண்டை கிழியாதா?

சரியாகக் கற்றவர்களுக்குக் கிழியாது. குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் போலிக் குரல்நாண் மடிப்புகளை அதிரவைத்து, வயிற்றிலிருந்து மூச்சைக் கொடுத்து எழுப்பும் ஒலி அது. கற்க ஆண்டுகள் பிடிக்கும். வார்த்தை புரியாதது உங்கள் ஆங்கிலக் குறை அல்ல, பக்கத்தில் நிற்கும் ஆங்கிலேயருக்கும் புரியாது. அந்தக் குரலை இன்னொரு தாள வாத்தியமாகக் கேட்டுப் பாருங்கள்.

பெண், தனியாகப் போகலாமா?

போகலாம். தனியாக வரும் பெண்கள் நிறையப் பேர். நாலு பாட்டுக்குள் பக்கத்தில் நிற்பவரோடு பேச்சு தொடங்கிவிடும். அதேசமயம் எந்தக் கூட்டத்திலும் தவறானவர் ஒருவர் இருக்கலாம். யாராவது தொட்டாலோ பின்தொடர்ந்தாலோ பார் ஊழியரிடம் அல்லது கதவுக் காவலரிடம் உடனே சொல்லுங்கள். 2016இல் லிங்கன்ஷயரில் தொடங்கிய ஒரு திட்டத்தின்படி, பாரில் போய் "ஏஞ்சலா இருக்கிறாரா?" என்று கேட்டாலே உதவி தேவை என்று புரிந்துகொள்ளும் இடங்கள் பல உண்டு.

மகனுக்கு 15 வயது. அனுப்பலாமா?

டிக்கெட் பக்கத்தில் வயது வரம்பு இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். சில நிகழ்ச்சிகள் 14 வயது முதல், பெரியவர் துணையோடு. சில 18 வயதுக்கு மேல் மட்டும். அனுமதி உண்டென்றால் நீங்களும் கூடப் போங்கள் என்பேன். பின்னால் நின்று பாருங்கள். பிள்ளை ஏன் இதைக் கேட்கிறான் என்பது ஒரே இரவில் விளங்கும். அவன் காதில் அடைப்பான் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன உடுத்துவது? குடிக்காவிட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்களா?

கறுப்பு டி-சர்ட், ஜீன்ஸ், நாடாவை இரட்டை முடிச்சுப் போட்ட மூடிய ஷூ. உள்ளே வெக்கை தாங்காது, குளிர் கோட்டை உடைமை அறையில் கொடுத்துவிடுங்கள். நிகழ்ச்சிக்கு வரும் குழுவின் டி-சர்ட்டையே போட்டுக்கொண்டு வரக் கூடாது என்று சிலர் சொல்வார்கள், கண்டுகொள்ள வேண்டாம்.

குடிக்காதவர்கள் ஏராளம், யாரும் கவனிக்கவே மாட்டார்கள். மது விற்கும் இடங்கள் கேட்டால் இலவசமாகக் குழாய்த் தண்ணீர் தர வேண்டும் என்பது இங்கிலாந்தில் சட்டம். கேட்டு வாங்கிக் குடியுங்கள். பளிச்சென மின்னி மறையும் விளக்குகள் வலிப்பு நோயைத் தூண்டும் என்றால் முன்கூட்டியே அரங்கிடம் விசாரியுங்கள். நடக்கச் சிரமப்படுபவர்களும் அப்படியே. அண்டர்வேர்ல்டுக்குப் படி இறங்கித்தான் போக வேண்டும்.

தமிழருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஈஸ்ட் ஹாமில் மளிகை வாங்கப் போகிறவர்கள் தெரியாமலே அந்த வரலாற்றைக் கடந்து போகிறார்கள். ஹை ஸ்ட்ரீட் நார்த் சாலையில், மகாலட்சுமி கோயில் இருக்கும் அதே சாலையில், 'ரஸ்கின் ஆர்ம்ஸ்' என்ற பப் இருந்தது. 1970களின் கடைசியில் அயர்ன் மெய்டன் அங்கே அடிக்கடி வாசித்தது. அதற்கு முன்பு அவர்களுக்கு இடம் கொடுத்தது ஸ்ட்ராட்ஃபோர்டு பக்கத்தில் மேரிலேண்டில் உள்ள 'கார்ட் அண்ட் ஹார்ஸஸ்'. அது இன்றும் தன்னை அந்தக் குழுவின் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்கிறது. குழுவை 1975இல் தொடங்கிய ஸ்டீவ் ஹாரிஸ் லெய்ட்டன்ஸ்டோன்காரர். 1978இன் கடைசி நாட்களில் அவர்கள் பதிவு செய்த பாடல்களை கிங்ஸ்பெரியில் ஒரு பப்பின் பின்னறையில் மெட்டல் இசைத்தட்டு போட்டுவந்த நீல் கே விடாமல் ஒலிக்கவிட்டார். 1979 நவம்பரில் அந்தப் பதிவு இசைத்தட்டாக 5,000 பிரதிகள் வெளிவந்தது. ஈஸ்ட் ஹாம், ஸ்ட்ராட்ஃபோர்டு, கிங்ஸ்பெரி என எல்லாமே இன்று நம் மக்கள் புழங்கும் இடங்கள்.

ரஸ்கின் ஆர்ம்ஸில் இப்போது இசை இல்லை. அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இந்த அரங்குகள் மூடப்படுவது உண்மையா? டி-சர்ட் ஏன் அவ்வளவு விலை?

உண்மை. லண்டனில் 2007இல் 136 சிறு இசை அரங்குகள் இருந்தன, 2015இல் 88. சிறு அரங்குகளுக்காக 2014 முதல் இயங்கும் மியூசிக் வென்யூ டிரஸ்ட், 2023இல் மட்டும் பிரிட்டன் முழுக்க 125 இடங்களில் இசை நின்றுபோனதாகச் சொல்கிறது. வாடகை, மின்கட்டணம், புதிதாகப் பக்கத்தில் எழும் குடியிருப்புகளிலிருந்து இரைச்சல் புகார். இரைச்சல் விஷயத்தில் 2018இல் இங்கிலாந்துத் திட்டமிடல் கொள்கையில் ஒரு நல்ல மாற்றம் வந்தது: அரங்குக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டுபவர்தான் சத்தம் தடுக்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். 5,000 பேருக்கு மேல் கொள்ளும் அரங்குகளின் ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு பவுண்டு சிறு அரங்குகளுக்குப் போக வேண்டும் என்று அந்த டிரஸ்ட் கேட்டுவருகிறது. முழுக்க நியாயமான கோரிக்கை. பெரிய அரங்குகளை நிரப்பும் குழுக்களை வளர்த்துக் கொடுத்ததே சிறிய அறைகள்தான்.

டி-சர்ட் 20, 25 பவுண்டு இருக்கும். டிக்கெட் பணத்தில் அரங்குச் செலவும் ஏற்பாட்டாளர் செலவும் போன பிறகு குழுவுக்கு மிஞ்சுவது கொஞ்சம். அடுத்த ஊருக்கு வேனில் டீசல் போடுவது பெரும்பாலும் டி-சர்ட் விற்கும் மேசையில் சேரும் பணம்தான். பெரிய அரங்குகள் பல அந்த விற்பனையிலும் பங்கு எடுத்துக்கொள்ளும். பங்கு எடுக்காத அரங்குகளின் பட்டியல் ஒன்றை 2022 முதல் இசைக்கலைஞர் அமைப்பு ஒன்று வெளியிடுகிறது. சின்ன நிகழ்ச்சியில் மேசைக்குப் பின்னால் நிற்பது பாடகரேயாக இருக்கலாம். "நன்றாக வாசித்தீர்கள்" என்று சொல்லிவிட்டு வாங்குங்கள். உங்கள் அளவு தீர்ந்துபோகும், முன்னதாகவே வாங்கிப் பையில் வையுங்கள்.

இரவு வீடு திரும்புவது?

வெள்ளி, சனி இரவுகளில் நார்தர்ன் லைன் கேம்டன் டவுன் வழியாக விடிய விடிய ஓடும். டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் இறங்கி சென்ட்ரல் லைன் பிடித்தால் ஸ்ட்ராட்ஃபோர்டு. அங்கிருந்து ரொம்ஃபோர்டு சாலை வழியே N25 என்ற இரவுப் பேருந்து உண்டு. மற்ற நாட்களில் கடைசி ரயில் நேரத்தை முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எதில் தொடங்குவது?

பெரிய பெயருக்குக் காத்திருக்க வேண்டாம். பிளாக் ஹார்ட் அல்லது அண்டர்வேர்ல்டின் மாத நிகழ்ச்சிப் பட்டியலைத் திறந்து, உங்களுக்கு விடுமுறை இருக்கும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். அன்று வாசிக்கும் மூன்று குழுக்களின் பாட்டையும் ஆளுக்கு ஒன்று கேளுங்கள். ஒன்று பிடித்தாலே போதும், டிக்கெட் எடுத்துவிடலாம். பெரும்பாலும் 15 முதல் 30 பவுண்டுக்குள் இருக்கும். ஒரே மூச்சில் பல குழுக்களைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் வசந்த காலத்தில் டெசர்ட்ஃபெஸ்ட் விழாவுக்கு வரலாம். 2012 முதல் நடக்கிறது. வேகத்தைவிடக் கனத்தை நம்பும் குழுக்கள் அதிகம். ஒரு கைப்பட்டையைக் கட்டிக்கொண்டு, கேம்டன் அரங்குகள் ஒவ்வொன்றாக நடந்தே போய்ப் பார்க்கலாம். முதல் நாள் மதியம் பிளாக் ஹார்ட் மாடியில் தொடங்குங்கள், அங்கேதான் இடம் சீக்கிரம் நிரம்பும்.